சொந்தப் பெயரைத் தேடினால் எள்ளுத்தாத்தா வருவார்

கூகுளில் தன் பெயரைத் தட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் வருவது நம்முடைய பேஸ்புக் படமும், அதே பெயர் கொண்ட முன்பின் தெரியாத சிலரும்தான். ஆனால் தமிழ்ப் பெயருக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களில் இன்றும் உண்டு. மு. கந்தசாமியின் மகன் க. முத்துசாமி, அவருடைய மகன் மறுபடியும் மு. கந்தசாமி. இனிஷியலோடு சேர்ந்து அப்படியே திரும்பி வருகிறது பெயர். தலைமுறைக்கு முப்பது வருடம் என்று வைத்துக்கொண்டால், 1990இல் பிறந்த மு. கந்தசாமி தன் பெயரைத் தேடும்போது 1930 வாக்கில் பிறந்த தாத்தாவையும், 1870 வாக்கில் பிறந்த எள்ளுத்தாத்தாவையும் சேர்த்தேதான் தேடுகிறார்.

இந்த வசதியே தொல்லையும் ஆகிறது. நான்கு அண்ணன் தம்பிகள் தங்கள் அப்பாவின் பெயரை ஆளுக்கொரு மகனுக்கு வைத்திருப்பார்கள். ஒரே தெருவில் மு. கந்தசாமி, ரா. கந்தசாமி, சு. கந்தசாமி என்று பங்காளிகள் இருப்பார்கள். பழைய ஆவணங்களில் இனிஷியல் கிடையாது. "கந்தசாமி குமாரர் முத்துசாமி" என்றுதான் இருக்கும். பக்கத்து ஊரிலும் அதே போல ஒரு கந்தசாமி, அவருக்கும் ஒரு முத்துசாமி. எனவே குடும்ப வரலாறு தேடுகிறவர் முதலில் ஏற்க வேண்டியது இதைத்தான்: தமிழருக்கு ஊர்ப் பெயர் இல்லாமல் ஆள் பெயரால் எதையும் நிரூபிக்க முடியாது. பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் அவர் உங்களவர். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கணினியைத் திறக்கும் முன் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார வேண்டும். "நம்ம பூர்வீகம் எது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குலதெய்வம் எந்த ஊரில், அந்தக் கோயிலுக்கு யார் வீட்டில் தலைக்கட்டு வரி வசூலித்தார்கள், பெண் எடுத்த ஊர்கள் எவை, பெண் கொடுத்த ஊர்கள் எவை, நம் வீட்டை ஊரில் எப்படிக் குறிப்பிடுவார்கள் என்று கேளுங்கள். குடும்பம் பிழைப்புக்காக நான்கு ஊர் மாறியிருந்தாலும் குலதெய்வம் பழைய ஊரிலேயே இருக்கும். தேடலுக்கான முதல் ஊர்ப் பெயர் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிடைக்கிறது. தலைக்கட்டு வரிப் பட்டியல் எழுதிய நோட்டுகள் பூசாரி வீட்டிலோ நாட்டாமை வீட்டிலோ இருந்தால் அவை தலைமுறை தலைமுறையாகக் குடும்பத் தலைவர்களின் பெயர்களைத் தரும். நகரத்தார் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு ஒன்பது நகரக் கோயில்களில் திருமணத்தின்போதே புள்ளி, அதாவது புதுக் குடும்பம் என்ற கணக்கு, பதிவாகிவிடுகிறது.

வருடம் கேட்டால் தெரியாது என்பார்கள். நிகழ்ச்சியைக் கேளுங்கள். எம்டன் குண்டு போட்டபோது பிறந்தார் என்றால் 1914 செப்டம்பர். தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின மாதம் கல்யாணம் என்றால் 1964 நவம்பர். தாது வருடப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தோம் என்றால் 1876க்கும் 1878க்கும் இடையில். தமிழ் வருடப் பெயர் மட்டும் கிடைத்தால் அறுபது அறுபதாகக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். தாது என்பது 1876ஆக இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அந்த ஆளின் பிள்ளைகள், பேரன்களின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

அடுத்து எழுத்து. ஆவணத்தை எழுதியவர் ஆங்கிலேயர் என்றால் ஒருவிதம், பிரெஞ்சுக்காரர் என்றால் வேறுவிதம், உள்ளூர்க் குமாஸ்தா என்றால் மூன்றாவது விதம். முத்துசாமியின் "மு"வை எம்-யு என்றும், எம்-ஓ-ஓ என்றும், ரீயூனியனிலும் புதுச்சேரியிலும் எம்-ஓ-யு என்றும் எழுதினார்கள். "சாமி"க்கு எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் எல்லாம் உண்டு; மொரீஷியஸில் எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் சர்வசாதாரணம். ழகரம் எல், ஆர், இசட்-எச் என எப்படியும் மாறும். தகரம் டி-எச், டி என்று அலையும். ஆக, ஒரு பெயருக்கு எட்டுப் பத்து எழுத்துக்கோவைகளை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேடும் தளம் நட்சத்திரக் குறியை ஏற்குமானால் நடு உயிரெழுத்துகளுக்குப் பதில் அதைப் போடுங்கள். மெய்யெழுத்துகள்தான் ஓரளவு நிலையானவை.

சாதிப் பட்டத்தையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானம் வந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தமிழ்நாட்டுப் பெயர்களிலிருந்து பிள்ளையும் முதலியாரும் நாயுடுவும் உதிர்ந்தன. உங்கள் அப்பாவின் பெயரில் இல்லாத பட்டம் கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தில் இருக்கும். அதைச் சேர்க்காமல் தேடினால் ஆங்கில அட்டவணைகளில் அவர் அகப்படமாட்டார். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களை அதிகாரிகள் பட்டமில்லாமல், பல நேரம் தகப்பன் பெயர்கூட இல்லாமல், இழிவான அடைமொழியோடு எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்க மனம் கசக்கும். ஆனாலும் 1892 அரசாணைக்குப் பின் ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கிராமக் கணக்கில் தனிக் குறிப்போடு பதிவாயின. நிலம் பின்னால் கைமாறிப் போயிருந்தாலும் முதலில் பெற்றவரின் பெயர் அந்தக் கணக்கில் இருக்க வாய்ப்புண்டு.

தேடுபொறியில் தமிழில் தேடுகிறவர்களுக்கு இரண்டு இடைஞ்சல்கள். முதலாவது எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான பிடிஎஃப் கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய வாக்காளர் பட்டியல்களில் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராததற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். பாகம் பாகமாகத் திறந்து கண்ணால்தான் படிக்க வேண்டும். இரண்டாவது, 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் முன் அச்சான நூல்களில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் இவற்றில் தடுமாறும். அண்ணாமலையைத் தேடாமல் அதே பக்கத்தில் இருக்கக்கூடிய ஊர்ப் பெயரைத் தேடுவது நல்லது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடும்போது நூல் விவரத்துக்குப் பதிலாக நூலின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேடும் தெரிவைச் சொடுக்க வேண்டும். பழைய கல்லூரி நாட்காட்டிகள், அரசிதழ்கள், அரசு ஊழியர் பட்டியல்கள் அப்போதுதான் வெளியே வரும்.

வாக்காளர் பட்டியலை அலட்சியப்படுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் 2002, 2005ஆம் ஆண்டுகளில் தீவிரத் திருத்தம் செய்த பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் வீட்டு எண், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது மூன்றும் உண்டு. 2002இல் எண்பது வயதான ஒருவரின் தகப்பன் பெயர் உங்களை 1890களுக்குக் கொண்டுபோய்விடும்.

தமிழ்நாட்டில் வேரூன்றிய குடும்பத்துக்கு மிகப் பெரிய புதையல் சார்பதிவாளர் அலுவலகம். துண்டு நிலமாவது இருந்த குடும்பம் என்றால் அங்கே தடம் இருக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் அந்த நிலத்தில் நடந்த எல்லா எழுத்தும் வரிசையாக வரும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கணினியில் உண்டு. அந்த அட்டவணையில் எல்லோரும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முக்கியமானது "முந்தைய ஆவண எண்" என்ற கட்டம். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1975க்கு முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் கிடைக்கும். அதற்குச் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பித்தால், பத்திரத்தின் முழு வாசகமும் வரும். அதில் அதற்கும் முந்தைய பத்திரம் குறிப்பிடப்பட்டிருக்கும். இப்படிப் படிப்படியாக நூறு வருடம் பின்னால் இறங்கலாம்.

இதில் தட்டுகிற இடங்கள் இரண்டு. புல எண் முதலாவது. 1979 தொடங்கி 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. இன்றைய பட்டாவிலுள்ள எண்ணைக் கொண்டு 1950ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் அட்டவணையைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது, சார்பதிவகங்களே பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. உங்கள் ஊர் இன்று ஒரு சார்பதிவகத்தில் இருக்கும். 1940இல் அது தாய் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கும். புத்தகங்களும் அங்கேயேதான் இருக்கும். "இங்கே பதிவு இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வருகிறவர்களில் பலர் தப்பான அலுவலகத்தில் கேட்டவர்கள்.

நிலத்தின் எண் தெரியாது, ஆள் பெயர் மட்டும்தான் தெரியும் என்றாலும் வழி உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி முதலாம் அட்டவணை ஆள் பெயர் வரிசையிலும் இரண்டாம் அட்டவணை சொத்து வரிசையிலும் எழுதப்படுகின்றன. நிலம், வீடு பற்றிய பத்திரங்களைப் பதியும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் எவரும் பார்க்கலாம் என்கிறது அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு அவற்றின் நகலை யார் கேட்டாலும் தர வேண்டும். இந்தப் பிரிவு எண்ணை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். உரிமையை எழுதிக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

எல்லாப் பத்திரங்களும் குடும்ப வரலாற்றுக்குச் சமமில்லை. கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும், அவ்வளவே. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது ஒரு வம்சாவளிப் பட்டியல். யாருக்கு எத்தனை தாரம், எந்தத் தாரத்துக்கு யார் யார் பிள்ளைகள், மைனர்கள் யார், அவர்களுக்குக் கார்டியன் யார் என்று எல்லாம் வரும். ஆனால் மகள்கள் பெரும்பாலும் அதில் இருக்கமாட்டார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளைப் படித்துவிட்டு "அவருக்கு மூன்று மகன்கள், மகள் இல்லை" என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. அத்தைகளையும் பாட்டிகளையும் தேட வேண்டிய இடம் செட்டில்மெண்ட் பத்திரம், சீதனமாகக் கொடுத்த நிலத்தின் எழுத்து, பிற்காலத்து விடுதலைப் பத்திரம். எழுதிக்கொடுத்தவரோ வாங்கியவரோ "இன்னார் சம்சாரம்", "காலஞ்சென்ற இன்னார் பெண்சாதி" என்று வரும் இடங்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்ப மரத்தில் பாதிப்பேரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு அதை வரலாறு என்று சொல்ல முடியாது.

பத்திரத் தமிழ் பயமுறுத்தும். புள்ளி வைக்காத மெய்கள், தமிழ் எண்கள், மா, குழி, வேலி என்ற அளவுகள். தஞ்சாவூர்ப் பக்கம் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அரைக்கால், வீசம் என்று பங்குகள் வரும். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ஒருவருக்கு வீசம் பங்குதான் வந்தது என்றால் அவருக்கு முன்பே சொத்து பல தடவை பிரிந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். பங்காளிகள் எத்தனை பேர் என்று ஊகிக்க அது உதவும். படிக்க முடியாவிட்டால் ஊரில் வயதான பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடியுங்கள். அந்தக் கையெழுத்துகளோடு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

கடல் கடந்து போனவர்களின் கதை இதற்கு நேர் எதிர். இங்கே நிலமில்லாதவர்களுக்கு எழுத்து குறைவு. கப்பல் ஏறியவர்களுக்கோ தனித்தனியாக வரி வரியாக எழுத்து இருக்கிறது. சர்க்கரைத் தோட்டத்து முதலாளிக்கு ஒவ்வொரு கூலியின் கணக்கும் வேண்டியிருந்ததால் வந்த வினை அது. இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகிய கட்டங்கள் உண்டு. இப்பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. டர்பனில் க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இவற்றைப் பேணுகிறது.

ஒரு டர்பன் தமிழர் தன் குடும்பப் பெயரை இதில் தேடினால் பெரும்பாலும் ஏமாந்து போவார். காரணம் எளிது. கப்பல் ஏறியவர் முனிசாமி என்ற ஒற்றைப் பெயரோடுதான் போனார். ஆங்கிலேயச் சட்டத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும் என்றபோது சிலருடைய சாதிப் பட்டம் குடும்பப் பெயரானது. முதலியார் மூட்லி ஆனார், படையாட்சி படயாச்சி ஆனார், நாயக்கர் நாய்க்கர் ஆனார். மற்றவர்களுக்கு முதல் தலைமுறையின் சொந்தப் பெயரே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. இன்று ஒருவரின் குடும்பப் பெயர் மூன்சாமி என்றால், பட்டியலில் அது குடும்பப் பெயராக இருக்காது. ஒரு மனிதரின் பெயராக, அதுவும் நூற்றுக்கணக்கான முனிசாமிகளில் ஒருவராக இருக்கும்.

ஆகவே பெயரிலிருந்து தொடங்காமல் காலனி எண்ணிலிருந்து தொடங்குவதே சரியான வழி. பழைய பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, ஒப்பந்தம் முடிந்த விடுதலைச் சீட்டு ஆகியவற்றில் அந்த எண் இருக்கும். குழந்தையின் பதிவில் பெற்றோரின் எண்களை எழுதுவது வழக்கம். வீட்டில் காகிதம் இல்லையென்றால் இறந்தவரின் சொத்துக் கோப்பைத் தேட வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகளில் ஒரு பகுதி ஃபேமிலிசர்ச் தளத்தில் படமாகவே இருக்கிறது. கணக்குத் தொடங்கக் காசில்லை. கோப்பிலுள்ள மரண அறிவிப்புப் படிவத்தில் இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் கேட்கப்பட்டிருக்கும். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரைப் போட்டுக் கோப்பு எண்ணை எடுத்து நகல் கேட்கவும் முடியும்.

எண் கிடைத்துக் கப்பல் வரியைப் பிடித்ததும் ஒரு சோதனை. 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டிருந்தது. குடும்பக் கதை 1870இல் போனார் என்று சொன்னால், ஆண்டு தவறு அல்லது நாடு தவறு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் ஓடியது 1903 முதல் 1916 வரைதான். அதற்கு முன் போன ஃபிஜித் தமிழர் என்றால் கல்கத்தா வழியாகப் போயிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வயதுக் கட்டத்தை நம்பாதீர்கள். 20, 25, 30 என்று முழு எண்களாகவே எழுதித் தள்ளியிருப்பார்கள். சாதிக் கட்டத்தை அதைவிடக் குறைவாக நம்புங்கள். குமாஸ்தா கேட்டதும் ஏறியவர் சொன்னதும் எழுதப்பட்டதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இடம் கிடைக்க வேண்டுமே என்று மாற்றிச் சொன்னவர்களும், பழைய அடையாளத்தைத் துறைமுகத்திலேயே உதறியவர்களும் உண்டு. அது அவர்கள் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியது. தகப்பன் பெயரும் கிராமமும் உடல் தழும்பும்தான் உருப்படியான அடையாளங்கள்.

மொரீஷியஸில் 1834 முதலே ஆள் இறங்கியதால் தலைமுறை ஆழம் அதிகம். அங்கேயும் எண்தான் திறவுகோல். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணப் பிரிவில் பதிவேடுகளோடு, வந்திறங்கியவர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. எள்ளுத்தாத்தாவின் முகத்தையே பார்க்க முடிகிற இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற சிவில் பதிவேடுகள் உண்டு. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் பழைய ஏடுகளை பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பிரதேச ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆண்டுவாரியாகப் புரட்டாமல் பத்தாண்டு அட்டவணையை முதலில் திறந்தால் வேலை மிச்சம். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்படித் துறக்கும்போதே ஒரு புதிய குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். எனவே அதற்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பத்துக்கு வேறு வேறு பெயர் இருக்கும்.

இலங்கைத் தமிழருக்கு மூன்று வழிகளைச் சொல்லலாம். பிறப்புச் சான்றில் பாட்டன் இலங்கையில் பிறந்தவரா, பிறந்த ஆண்டும் இடமும் என்ன, பூட்டன் பிறந்த இடம் எது என்ற கட்டங்கள் உள்ளன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவு அது. மலையக மக்களின் உரிமையைப் பறித்த கேள்விதான், ஆனால் பதில் எழுதப்பட்ட சான்று இன்று மூன்று தலைமுறையைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலரில் வம்சாவளி அச்சிடுவார்கள். நூலகம் இணையதளத்தில் இத்தகைய மலர்கள் ஏராளம்; பெயரோடு குறிச்சிப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மலையகத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையையும் கண்டியில் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். இந்தியாவில் எந்த ஊர் என்பதற்கு அவைதான் சாட்சி. கங்காணியே ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் கங்காணி முறையில் போனவர்களுக்கு நேட்டால் போல ஆளுக்கொரு வரி கிடையாது.

மலாயாவும் அப்படியே. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசு உள்ளிட்ட பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. மரண அறிவித்தல்களும் சங்கச் செய்திகளும் உதவும். ஆனால் 1942, 43இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப்போன தோட்டத் தொழிலாளரைத் தேடுகிறவர்கள் தயாராகவே தேட வேண்டும். கைதியாயிருந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. 415 கிலோமீட்டர் பாதையோரம் மாண்ட தமிழர்களுக்கு அப்படி இல்லை. அங்கே தேடல் வெறுங்கையோடு முடிந்தால் குறை தேடியவரிடம் இல்லை.

உலகப் போர்களில் இந்தியப் படையில் இறந்தவர்களுக்கோ பெயர் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் இறந்தவர்கள் உண்டு. ஒற்றைப் பெயர் கொண்ட தமிழ்ச் சிப்பாயைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தேட வேண்டும். "கூடுதல் விவரம்" பகுதியில் தகப்பன் பெயரும் ஊரும் ஜில்லாவும் பலருக்கு இருக்கும். இந்து, முஸ்லிம் சிப்பாய்களில் பலர் பெயர் கல்லறையில் இல்லாமல் பாஸ்ரா, ரங்கூன், சிங்கப்பூர் நினைவகச் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மரபணுச் சோதனையை நம்பி நிறையப் பேர் இறங்குகிறார்கள். அத்தை மகள், அக்கா மகள் என்று தலைமுறைதோறும் சொந்தத்துக்குள் மணம் முடித்த சமூகங்களில், தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம் போலக் காட்டும். மூன்றாம் தலைமுறை உறவு என்று வருபவர் ஆறாம் தலைமுறையாக இருக்கலாம். காகிதம் இல்லாமல் அந்த அளவீட்டை ஏற்காதீர்கள். இணையத்தில் பிறர் கட்டிய குடும்ப மரங்களையும் அப்படியே. ஆதாரப் படம் இணைக்காத பெயரை உங்கள் மரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் பொதுவில் போடவும் வேண்டாம்.

தமிழ்நாட்டிலேயே இருக்கும் வாசகர்கள் இன்னொரு பெரிய உதவி செய்ய முடியும். டர்பனிலும் போர்ட் லூயியிலும் இருக்கிறவர்கள் கையில் கப்பல் வரி கிடைத்தபின் முட்டி நிற்பது ஊர்ப் பெயரில். வட ஆற்காடு, போளூர், அதற்குப் பிறகு வாயில் நுழையாத ஓர் எழுத்துக்கோவை. அந்த ஜில்லாவே இன்று வரைபடத்தில் இல்லை. 1911இல் சித்தூர் பிரிந்தது, 1989இல் வேலூரும் திருவண்ணாமலையுமாகப் பிரிந்தது, 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது, பிறகு கள்ளக்குறிச்சி. சேலம் என்று எழுதியிருந்தால் அது தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எதுவாகவும் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரியாக எல்லா வருவாய்க் கிராமங்களின் பெயரும் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, குமாஸ்தா எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் பல நேரம் புரிந்துவிடும். உள்ளூர்க்காரருக்கு ஒரு நிமிட வேலை, அவர்களுக்கு வருடக்கணக்கான தேடல். பொருந்துகிற கிராமங்கள் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் அனுப்புங்கள். இன்றைய தாலுகா, பின்கோடு, அருகிலுள்ள ரயில் நிலையம், கிராம நிர்வாக அலுவலகம் இருக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால், அவர்கள் நேரில் வரும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்கும்.